என் கணினி அமரராக்கிய மாப்பிள்ளை

ஒரே சாயங்காலத்தில் நான் மூன்று பேரைச் சாகடித்திருக்கிறேன். மூவரும் இன்று நலமாக இருக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் லேசாகச் சர்க்கரை. இன்னொருவர் என் அப்பா. மூன்றாமவர் என் அக்காவின் கணவர். அவர் அக்காவின் கணவராவதற்கு முந்தின நாளே அவரைச் சாகடித்துவிட்டேன் என்பதால்தான் விஷயம் கொஞ்சம் பெரிதாகிப் போனது.

அப்போது நான் பெரம்பலூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினிப் பிரிவில் கடைசி வருடம். எதைப் பார்த்தாலும் இது எப்படி வேலை செய்கிறது என்று கழற்றிப் பார்க்கிற ஆள் நான். (திரும்பப் பூட்டத் தெரியாது. எங்கள் வீட்டு மிக்ஸி சாட்சி.) அந்த வருடம்தான் காட்சிக் கணினியியல் என்ற துறை என் தலையில் ஏறியது. ஏறியது என்றால், சாப்பிடும்போதும் அதே பேச்சு, பஸ்ஸிலும் அதே பேச்சு. திருச்சியில் அதையே மேற்படிப்பாகப் படிக்க இடமும் கிடைத்துவிட்டது. சேர்க்கைப் படிவத்தில் அப்பாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அப்பாவுக்குப் பெரம்பலூரில் உரக்கடை. படிவத்தை நீட்டினேன்.

"நாலு வருசம் படிச்சல்ல? போதும். பேங்க் பரீட்சை எழுது" என்றார்.

"அப்பா, இது வேற படிப்புப்பா. படத்தைப் பத்தின படிப்பு."

"கல்யாண ஆல்பம் போடுற வேலையா?"

நான் விடவில்லை. கல்லாவுக்கு எதிரே உர மூட்டைமேல் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். மங்கலான படம் உள்ளே போய்த் தெளிவான படம் வெளியே வந்தால் அது படச் செயலாக்கம். படம் உள்ளே போய், அதில் இருப்பது இன்னது என்ற விவரம் வெளியே வந்தால் கணினிப் பார்வை. அதையே திருப்பிப் போட்டு, விவரம் உள்ளே போய்ப் படம் வெளியே வந்தால் வரைகலை. புரியாத பட்டியலைப் பார்த்தவுடன் புரிகிற படமாக்கினால் காட்சிப்படுத்தல். கண்ணாடியை மாட்டிவிட்டு அந்தப் படத்துக்குள்ளேயே நடக்க வைத்தால் மெய்நிகர் உலகம்.

அந்த நேரம் பார்த்து வாலிகண்டபுரத்து விவசாயி ஒருவர் மக்காச்சோள இலை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். "படைப்புழு. குருத்துக்குள்ள உக்காந்துருக்கும். சாயந்தரமா அடிங்க" என்று மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"பாத்தீங்களா! இப்ப நீங்க செஞ்சதுதான் கணினிப் பார்வை" என்று குதித்தேன்.

"எனக்குத்தான் கண்ணு இருக்கே. அப்புறம் எதுக்குக் கணினி?"

இதற்குப் பதில் சொல்லவாவது நான் மேலே படித்திருக்க வேண்டும். படிவத்தை மடித்தேன். அப்பாவுக்கே பாவமாகிவிட்டது போல. "சரி, ஒண்ணு பண்ணு. உங்கக்கா கல்யாணம் வருதுல்ல? அங்க உன் வித்தையக் காட்டு. நாலு பேரு நல்லாருக்குன்னா கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா பேங்க் பரீட்சைதான்" என்றார்.

ஆக, அக்கா கல்யாணம்தான் என் நுழைவுத் தேர்வு. (அக்காவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் மண்டபத்துக்குள்ளேயே என்னை விட்டிருக்க மாட்டாள்.)

என்ன செய்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கும் ஒரே கேள்வி "நீங்க யாரு வூடு?" என்பதுதான். நாங்கள் பெரம்பலூர், மாப்பிள்ளை வீடு ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம் முந்திரிக்காடு, மண்டபம் இரண்டுக்கும் நடுவே அரியலூரில். இந்தப் பக்கத்து ஆளுக்கு அந்தப் பக்கத்து ஆளைத் தெரியாது. வாசலில் ஒரு கேமரா. வருகிறவர் அதன் முன்னால் நின்றால் போதும். மேடைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு அடி எல்.இ.டி. திரையில் அவர் முகம், பேர், இன்னாருக்கு இன்ன உறவு என்று வந்துவிடும். கூடவே இரு குடும்பமும் கிளை விட்டு நிற்கும் ஒரு மரம். அதில் அவர் இருக்கும் கிளை மட்டும் பளிச்சென்று எரியும். பார்வை, வரைகலை, காட்சிப்படுத்தல் மூன்றும் ஒரே திரையில். எனக்கே புல்லரித்தது.

இதற்குப் படங்கள் வேண்டும். கணினிக்கு முகங்களைப் பழக்க வேண்டும் அல்லவா? இரு வீட்டு வாட்ஸ்அப் குழுக்களிலும் கெஞ்சினேன். செல்ஃபி செல்ஃபியாக வந்து குவிந்தது. ஆனால் மரம் என்றால் வேர் வேண்டுமே? மறைந்த பெரியவர்கள் இல்லாமல் மரத்தை எங்கே நடுவது? ஆகவே பஸ் பிடித்து இரு பக்கத்துச் சொந்தக்காரர் வீடுகளுக்கும் போய், சுவரில் மாட்டியிருந்த படங்களையெல்லாம் பல கோணங்களில் படம் எடுத்துவந்தேன். பழுப்பேறிய முகங்களைச் சுத்தம் செய்து, கீறலைத் துடைத்து, மூக்கு உடைந்த ஒரு கொள்ளுத்தாத்தாவுக்கு மூக்குக்கூட வைத்தேன்.

அந்தப் படங்களில் முக்கியமானது கோவிந்தராசு மாமாவுடையது. மாப்பிள்ளையின் அப்பா. தவறிச் சில வருடம் ஆகியிருந்தது. கல்யாண மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் அவர் படத்தை வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என் மூளை வேலை செய்தது. அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது கேமரா அடையாளம் கண்டு மரியாதை செய்தால் எப்படி இருக்கும்? மறைந்தவர்களுக்கென்று தனி ஏற்பாடு செய்தேன். திரை மெல்ல இருளும். முகத்தைச் சுற்றிச் சட்டம் வரும். கீழே குத்துவிளக்கு எரியும். வீணை ஒலிக்கும். 'அமரர்' என்று போட்டுப் பேர் வரும். கேமராவில் தெரியும் உருவம் அப்படியே சட்டத்துக்குள் தெரியும்.

கணினி முதலில் ஆள் இருக்கிறாரா, மறைந்தவரா என்று பிரிக்கும். பிறகு அந்தக் கூட்டத்துக்குள் யார் என்று தேடும். முகத்தை மட்டும் வெட்டிப் பழக்கினால் சில படங்களில் தடுமாறியது. கழுத்து, மார்பு வரை சேர்த்து வெட்டிப் பழக்கினேன். அடேங்கப்பா! ஒதுக்கி வைத்திருந்த படங்களைக் காட்டிச் சோதித்தால் ஒன்றுகூடத் தப்பவில்லை. இருப்பவர் இருந்தார்கள், மறைந்தவர் மறைந்தே இருந்தார்கள். அது எப்படி இவ்வளவு எளிதாகக் கண்டுபிடிக்கிறது என்று ஒரு நிமிடம் நான் யோசித்திருக்க வேண்டும். மிக்ஸியைக் கழற்றிப் பார்த்த நான் இதைக் கழற்றிப் பார்க்கவில்லை. சரியாக வேலை செய்கிற ஒன்றை யார் சந்தேகப்படுவார்கள்?

மாப்பிள்ளை அழைப்பு அன்று ஐந்து மணிக்கே கேமராவும் லேப்டாப்பும் தயார். திரைக்குப் பொறுப்பு பாபு அண்ணன். கல்யாணங்களுக்கு எல்.இ.டி. திரை வாடகைக்கு விடுகிறவர்.

முதல் ஒரு மணி நேரம் என் வாழ்க்கையின் பொற்காலம். ஒவ்வொருவர் நிற்கும்போதும் பேர் வந்தது, உறவு வந்தது, கிளை எரிந்தது. "ஏ, இங்க பாருடி, நம்ம வூட்டு ஆளுங்க பேரெல்லாம் வருது!" என்று கூட்டம் கூடியது. ஒருவர் வெளியே போய் மறுபடி நுழைந்து தன் பேரை மூன்று முறை வரவழைத்துக்கொண்டார். அப்பா திரைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வந்த உரக் கம்பெனி ஆட்களிடம் எல்லாம், "எம்பொண்ணு பண்ணது. காட்சிக் கணினி. படம் உள்ள போயி வெவரம் வெளிய வரும்" என்று விளக்கினார். என் பாடம் வரிக்கு வரி அவருக்கு மனப்பாடம்!

என்னைத் தாண்டும்போது குனிந்து, "அந்த ஃபாரத்த நாளைக்கு எடுத்துட்டு வா" என்றார்.

நான் அந்த நொடியிலேயே திருச்சிக்குப் போய்விட்டேன்.

அப்போது வாசலில் வெடிச் சத்தம். மேளம். மாப்பிள்ளை செந்தில்குமரன் காரிலிருந்து இறங்கினார். கோட்டு சூட்டு, கூலிங் கிளாஸ். அப்பா ஓடிப்போய் ஆள் நீளத்துக்கு ஒரு ரோஜா மாலையை அவர் கழுத்தில் போட்டார். ஆரத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளை கைகூப்பியபடி சிரித்துக்கொண்டே உள்ளே காலெடுத்து வைத்தார். கேமராவுக்கு நேராக வந்தார்.

திரை மெல்ல இருண்டது.

சட்டம் வந்தது. குத்துவிளக்கு எரிந்தது. வீணை ஒலித்தது. சட்டத்துக்குள் மாப்பிள்ளை பன்னிரண்டு அடி உயரத்தில் எல்லோரையும் பார்த்துக் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே எழுத்து வந்தது:

அமரர் கோவிந்தராசு.

நாதஸ்வரம் பாதியில் நின்றது. தவில்காரர் திரைக்கு முதுகைக் காட்டி நின்றதால் அவர் மட்டும் உற்சாகமாக வாசித்துக்கொண்டிருந்தார். ஆரத்தித் தட்டு வைத்திருந்த சித்தி "ஐயோ சாமி!" என்று அலறினாள்.

நான் லேப்டாப்பின் மேல் பாய்ந்தேன். நிறுத்தும் பொத்தானை அழுத்துவதாக நினைத்துப் பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன். மணமக்கள் மேடை ஏறும்போது தூவுவதற்காக நான் வரைந்து வைத்திருந்த பூமாரி அது. திரை முழுக்கப் பூ கொட்டியது. விளக்கு, வீணை, இப்போது பூவும். இறுதி ஊர்வலத்துக்கு இதைவிடக் கச்சிதமாக யாரும் ஏற்பாடு செய்ய முடியாது.

"அணைடி அத!" என்று அப்பா கத்திக்கொண்டே ஓடிவந்தார். அதற்குள் சம்பந்தி மாலை மாற்றும் நேரம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லாததால் அவருடைய பெரியப்பாதான் அந்த இடத்தில். அவர் திரையைப் பார்க்கவில்லை. ஓடிவந்த அப்பாவை மறித்துக் கழுத்தில் மாலையைப் போட்டார்; பக்கத்தில் நின்ற யாரோ பழக்க தோஷத்தில் பெரியப்பாவின் கழுத்திலும் ஒன்றைப் போட்டார்கள். இரண்டு பேரும் மாலையோடு கேமராவைப் பார்த்துத் திரும்பினார்கள்.

அப்பா 'அமரர் ரெங்கசாமி' ஆனார். அது எங்கள் தாத்தா பேர்.

பெரியப்பா 'அமரர் தனபாக்கியம்' ஆனார்.

பெரியப்பாவுக்குக் கத்தை மீசை. அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "யோவ்... அது எங்கம்மா பேருய்யா!" என்றார். பிறகு குரல் ஏறியது. "என்னங்க சம்பந்தி இது? மாப்ள உள்ள கால வைக்கல, அதுக்குள்ள வௌக்கு ஏத்திப் பூவும் போட்டுட்டீங்க! நாளு கிழமை பாத்துத்தான் வச்சீங்களா? சகுனமே சரியில்லையே!"

என் போன் அடித்தது. மாடி அறையில் தலை பின்னிக்கொண்டிருந்த அக்கா. "என்னடி பண்ணித் தொலைச்ச? அவரு போயிட்டாருன்னு இங்க ஒருத்தி அழுவுறா!"

"இல்லக்கா, இருக்காரு. நல்லா சிரிச்சிட்டிருக்காரு."

"அப்ப கீழ யாரு செத்தா?"

"யாரும் சாவலக்கா... மூணு பேரு... அது அப்புறம் சொல்றேன்."

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உரம் கெட்டுப்போனதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். திருச்சி என் கண்ணெதிரே கரைந்தது. வங்கிப் பரீட்சைக்கான புத்தகத்தின் அட்டை தெரிந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தார். ஜெயங்கொண்டத்தில் டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவர். வண்டி நின்றுவிட்டால் உரிமையாளர் அழுவார்; மெக்கானிக் அழமாட்டார் இல்லையா? அந்த முகம்.

"இவ்வளவு நேரம் எல்லாருக்கும் சரியாத்தான சொல்லுச்சு?"

"ஆமா மாமா." (எனக்கு அழுகை வந்துவிட்டது.)

"அப்ப அவங்கட்ட இல்லாதது எங்கிட்ட என்ன இருக்கு? ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்தாத் தெரிஞ்சிரப் போவுது. அழுவாத."

மறுபடி கேமரா முன் போய் நின்றார். கண்ணாடி இல்லை, அமரர். கோட்டைக் கழற்றினார், அமரர். நெற்றிச் சந்தனத்தைத் துடைத்தார்; அமரர். மாலையைக் கழற்றினார்.

திரை பளீரென்று வெளுத்தது. 'நல்வரவு! செந்தில்குமரன், மணமகன்.'

மண்டபமே "ஓ!" என்றது. மாலையைப் போட்டார், விளக்கு எரிந்தது. கழற்றினார், நல்வரவு. போட்டார், வீணை. கழற்றினார், கைதட்டல்.

எனக்கு வெளிச்சம் போட்டாற்போல் புரிந்தது. நான் திரட்டிய படங்களில் இருக்கிறவர் ஒருவர் கழுத்திலும் மாலை இல்லை. எவராவது மாலையோடு செல்ஃபி எடுப்பார்களா? மறைந்தவர் படம் ஒன்றுகூட மாலை இல்லாமல் இல்லை. சந்தன மாலை, பிளாஸ்டிக் மாலை, எல்லா வீட்டுச் சுவரிலும். முகத்தைப் படித்து இருக்கிறாரா மறைந்தாரா என்று கண்டுபிடிப்பது கடினம். மாலையைப் பார்ப்பது எளிது. என் கணினி சோம்பேறி. எளிய வழியில் போயிருக்கிறது. மாலை இருந்தால் ஆள் காலி, அவ்வளவுதான். காலியானவர்களில் இந்த முகச்சாயல் யாருக்கு என்று தேடி, மகனுக்கு அப்பாவையும் பெரியப்பாவுக்கு அம்மாவையும் கொடுத்திருக்கிறது. சாயல் மட்டும் துல்லியம்.

அவமானத்துக்கு நடுவிலும், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று முதல்முறையாகத் தெரிந்துவிட்டதே!

அதற்குள் கூட்டம் மாப்பிள்ளையின் மாலைக்கு வரிசை கட்டியது. "எனக்குப் போடு, நான் செத்துப் பாக்குறேன்" என்று ஆளாளுக்கு வாங்கி மாட்டிக்கொண்டார்கள். பெரியப்பாகூட மாலையைக் கழற்றித் தன் பேர் வந்த பிறகுதான் நகர்ந்தார். இருந்தாலும் முணுமுணுப்பை விடவில்லை. "என்ன இருந்தாலும் சகுனம் சகுனந்தான்."

தூணுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வந்தார். மல்லிகா அத்தை, மாப்பிள்ளையின் அம்மா. ஆரத்தி நேரத்தில் அவர் முன்னால் வந்து நிற்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேமரா தயாராகும் முன்பே மேடைப் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கணவர் படத்தைத் தூக்கினார். அதன் மாலையைக் கழற்றி நாற்காலியின் கைப்பிடியில் மாட்டினார். படத்தை வாசலுக்குக் கொண்டுவந்து கேமராவுக்கு நேராகப் பிடித்தார்.

'நல்வரவு! செந்தில்குமரன், மணமகன்.'

யாரும் கைதட்டவில்லை. பேர் தப்புதான். ஆனால் திரையில் விளக்கு இல்லை, சட்டம் இல்லை, வீணை இல்லை. கோவிந்தராசு மாமா தன் கிளையில் அல்ல, மகனுடைய கிளையில் பளிச்சென்று நின்றார். அத்தை கை வலிக்கும் வரை படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு பெரியப்பாவிடம், "சகுனம் நல்லாத்தான் இருக்கு மாமா. ஆளே வந்துட்டாரு, இதுக்கு மேல என்ன வேணும்? பந்தி போடச் சொல்லுங்க" என்றார்.

பெரியப்பா பந்திப் பக்கம் நடந்தார்.

அத்தை அப்பா பக்கம் திரும்பினார். "சம்பந்தி, இந்தப் புள்ள மேல என்னமோ படிக்கணும்னு கேட்டுச்சாமே? எம்மருமவ சொல்லுச்சு." (ஆக, அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் விட்டிருக்கிறாள்!)

"ஆமாங்க... இனிமே எங்கங்க..." என்று அப்பா இழுத்தார்.

"படிக்க வைங்க. மொகம் நல்லாப் புடிக்குது. மத்தது ஒண்ணும் தெரியல. இப்படிப் பாதியில வுட்டீங்கன்னா அடுத்த கல்யாணத்துல ஒருத்தரையும் உசுரோட வுடாது."

மண்டபம் சிரித்தது. அப்பா சிரிக்கக்கூடாது என்று இருந்தார், முடியவில்லை. மறுநாள் மதியப் பந்தியில் வாழையிலைக்குப் பக்கத்தில் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். ஓரத்தில் சாம்பார்க் கறை. கல்லூரியில் எதுவும் கேட்கவில்லை. ஊரில் யார் கேட்டாலும் அப்பா சொல்லும் காரணம் ஒன்றுதான்: "வீட்ல வச்சிருந்தா ஆபத்துன்னுதான் படிக்க அனுப்பிட்டேன்."

மல்லிகா அத்தை வீட்டில் கோவிந்தராசு மாமா படத்துக்கு இப்போது மாலை கிடையாது. எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்திலும் மாலைக்குக் கழுத்தை நீட்டுவதற்குமுன் ஆள் என்னைத் தேடி, "நிவே, போட்டுக்கலாமா?" என்று அனுமதி கேட்கிறார். செந்தில் மாமா என் போனை எடுக்கும்போதெல்லாம் "அமரர் பேசுறேன், சொல்லு" என்பார்.

போன மாதம் திருச்சியில் என் ஆய்வேட்டின் முதல் கட்ட விளக்கம். கணினிகள் எளிய தடயங்களை நம்பி எப்படி ஏமாறுகின்றன என்பதுதான் பொருள். எடுத்துக்காட்டுக்கு மாமாவின் கல்யாணப் படத்தையே போட்டேன். நிறம் வேண்டாம் என்று கருப்பு வெள்ளையாக்கி, மார்பு வரை வெட்டி, மாலையோடு, திரையில் பெரிதாக. நான் வாயைத் திறப்பதற்குள் என் பேராசிரியர் எழுந்து நின்றுவிட்டார்.

"அடடா... யாரும்மா இது?"

"என் மாமா சார். அக்கா வீட்டுக்காரர்."

அவர் குரல் தாழ்ந்தது. "சின்ன வயசா இருக்காரே. எப்பம்மா தவறினாரு?"

வெளியே வந்து முதல் வேலையாக மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஒர்க்‌ஷாப்பில் ஏதோ டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு முழுக்கக் கேட்டார்.

"அந்த சாரையும் கொஞ்சம் மேல படிக்கச் சொல்லு" என்றார்.